நெகட்டிவ் ஒட்டிய சுவரொட்டி

ஓரத்துளைகள்கூடக் கிழியாத நிஜ புகைப்பட ஃபிலிம் நெகட்டிவ் துண்டு. அட்டையில் சன்னல்போல வெட்டி ஒட்டியிருந்தாள் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி. கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, கறுப்பு வேட்டியில் மாப்பிள்ளை, நரைத்த தலையோடு மணப்பெண்!

'பொழுதுபோக்கில் வேதியியல்' என்று குன்னூர்ப் பள்ளி ஒன்றில் இன்று சுவரொட்டிப் போட்டி. பெரும்பாலும் வாணவேடிக்கைதான். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. சரியான விவரங்கள், சலித்துப்போன படங்கள்.

இவள் எழுதியிருந்தது: "ஜெலட்டினில் சில்வர் புரோமைடு. ஒளி பட்ட இடம் டெவலப்பர் என்னும் ஃபிலிம் கழுவும் கரைசலில் வெள்ளி உலோகமாகிக் கறுக்கும்."

"தாத்தா ஃபிலிம் ஃபேக்டரியில் இருந்தார், சார்."

1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில் ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனம். ஊட்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளிச்சம் பட்டால் ஃபிலிம் வீண். அதனால் இருட்டிலேயே பூசி, இருட்டிலேயே வெட்டி, இருட்டிலேயே சுற்றினார்கள். ஊரார் பார்த்த கல்யாணப் படங்களுக்கும் எக்ஸ்ரேக்களுக்கும் பின்னால் இந்த மலைக்காரர்களின் ஷிப்டுகளும் இருந்தன. நம் பாடப்புத்தகமோ வேதியியலை மதிப்பெண்ணோடு நிறுத்திவிடுகிறது.

பரிசு வாணவேடிக்கைக்குப் போனது. மூன்று நடுவர்களில் நான் மட்டும் நெகட்டிவுக்குப் போட்டேன். மற்ற இருவரும் வெளியூர்க்காரர்கள், வேறென்ன சொல்ல!