ஹைலக்ஸுக்கு லோரி டயர் தேவையா?

செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் விடிகாலையில் போனால், காய்கறி மூட்டை பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும் பிக்கப்புகளைக் காணலாம். அமெரிக்காவில் பெரிய பிக்கப்புக்கு 19.5 அங்குல லோரி ரிம்மும் டயரும் மாட்டுகிறார்களே, டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நம் வண்டிக்கும் மாட்டினால் என்ன?

அங்கே கணக்கு வேறு. ஃபோர்டு எஃப்-350 பிக்கப்பில் வரும் 275/70ஆர்18 எல்டி (லைட் டிரக், அதாவது பாரம் ஏற்றும் வண்டிக்கான) டயர் ஒன்று, 80 பிஎஸ்ஐ காற்றில் 1,650 கிலோ தாங்கும். அந்த இடத்தில் 245/70ஆர்19.5 லோரி டயர் போட்டு, அதற்குரிய கூடுதல் காற்றை அடித்தால் 2,060 கிலோ. வெளிவிட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 842, 838 மி.மீ. ஆனால் 225/70ஆர்19.5 போட்டால் விட்டம் 810 மி.மீ. ஆகிவிடும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 96இல்தான் ஓடும்.

அளவு பொருந்தினால் போதாது. அதைவிடப் பெரிய எஃப்-450இல் கம்பெனியே 19.5 ரிம் போட்டு அனுப்புகிறது, ஆனால் அதில் நட்டு மாட்ட 225 மி.மீ. வட்டத்தில் 10 ஓட்டை. பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள எஃப்-350இல் 170 மி.மீ. வட்டத்தில் 8 ஓட்டை. நடுவில் அடாப்டர் தட்டு வைத்து இணைக்கலாம்தான். அது சக்கரத்தை வெளியே தள்ளி பேரிங்குக்குச் சுமை கூட்டும். உள்ளே இருக்கும் நட்டு தளர்ந்ததா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் சக்கரத்தையே கழற்ற வேண்டும். 8 ஓட்டையோடு, நடு ஓட்டை ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) கச்சிதமாக உட்காரும்படி செய்த 19.5 ரிம்தான் சரியான வழி.

சாதாரண ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் இடம் 5 பாகை சாய்வு, 19.5 ரிம்மில் 15 பாகை. கார் டயர் கடை மெஷினில் இதை ஏற்றப் பார்த்தால் விளிம்பு கிழியலாம். லோரி டயர் கடையில், இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் டயர்தான் கூடுதலாகத் தாங்கும். அச்சு, ஸ்பிரிங், பிரேக் எதுவும் மாறவில்லை.

நம் ஹைலக்ஸுக்கு 19.5 பக்கமே போக வேண்டாம் என்பேன். காலி வண்டியில் பின்பக்கம் துள்ளும். லோரி டயரின் ரப்பர் கடினமானது. மழையில் காராக் ஹைவே இறக்கத்தில் பிரேக் போடும்போது அது புரியும். 17 அங்குல ரிம்மிலேயே 265/65ஆர்17 எல்டி, 120/117 பாரக் குறியீடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண 112 குறியீட்டு டயர் 1,120 கிலோ. இது 1,400 கிலோ.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குவது. அந்த 1,400 கிலோ 80 பிஎஸ்ஐக்கு எழுதிய கணக்கு. பழைய டயருக்கு அடித்த அதே 30 பிஎஸ்ஐயை எல்டி டயருக்கும் அடித்தால், அது பழைய டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் கம்பெனியின் காற்று அட்டவணையைப் பார்த்து, ஏற்றும் பாரத்துக்கேற்ப, டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். வால்வையும் மாற்றுங்கள். கார்களுக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். அதற்கு மேல் போனால் உலோக வால்வு நல்லது.

ரிம்மும் மாற்றுகிறீர்கள் என்றால்: 6 ஓட்டை, 139.7 மி.மீ. வட்டம், நடு ஓட்டை 106 மி.மீ., 12 மி.மீ. ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்). நட்டு முகத்தைக் கவனியுங்கள். டொயோட்டாவின் பல அலாய் ரிம்களுக்குத் தட்டையான வாஷர் நட்டு. வெளிக்கடை ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத்தான் இருக்கும், பிறகு தானாகக் கழன்றுவிடும். ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ரிம்மின் பின்முகத்தில் தடித்த பெயிண்ட் இருந்தாலும் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். ஸ்டட்டில் எண்ணெய் பூச வேண்டாம். எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஏர் கன்னோடு நிறுத்திவிடும் கடையில், கடைசிச் சுற்றை டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.

டயர் பாடியைவிட்டு வெளியே துருத்தினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விடமாட்டார்கள், அதனால் ரிம்மின் ஆஃப்செட்டை (சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவை) வாங்கும் முன்பே கேளுங்கள். ஸ்பேர் ரிம்மில் இந்தப் புது நட்டு சரியாக உட்காருகிறதா என்பதையும் வீட்டு வாசலிலேயே ஒரு முறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய நட்டு ஆறையும் பையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள்.