மறுகூட்டல் மட்டும் போட்டிருந்தால் நான்கு மார்க் போயிருக்கும்

விடைத்தாளைத் திரும்பத் திருத்தும் மறுமதிப்பீட்டில், மகளின் பிளஸ் டூ கணக்கு மதிப்பெண் 86-லிருந்து 90 ஆகிவிட்டது. முடிவுப் பட்டியலில் அவள் பதிவெண்ணைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் சோறு இறங்கியது. அடுத்த வருஷம் இதே வேலைக்கு அலையப்போகிற பெற்றோருக்காக, எங்கெங்கே இடித்தது என்பதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அரையாண்டு, திருப்புதல் தேர்வு எதிலும் 95-க்குக் கீழே இறங்காதவள். பெற்றோர் கூட்டத்தில்கூட "கணக்குல கவலையே வேண்டாம்மா" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அகமதிப்பீடு 10 முழுசாக வந்திருந்தது. வருகைப் பதிவு, பள்ளித் தேர்வு, ஒப்படைப்பு, இணைச் செயல்பாடு என்று பிரித்துப் போடும் அந்தப் பத்து எங்கள் பள்ளியில் அநேகமாக எல்லோருக்கும் முழுசாகத்தான் வரும். ஆக, எழுத்துத் தேர்வில் 90-க்கு 76. எங்கே போனது மீதி என்று அவளுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை.

ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருகிறார்கள். பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் நாள் போனால், "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க." மறுநாள் அலுவலகத்தில் இருந்தவர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மறுகூட்டல்தானே? எல்லாரும் அதுதான் போடுறாங்க. 205 ரூபா எடுங்க" என்றார். விடைத்தாள் நகல் வேண்டும் என்றேன். "அது 275 ஆகும்மா. வீண் செலவு. கூட்டல்ல தப்பு இருந்தா மறுகூட்டல்லயே தெரிஞ்சிடும்."

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மறுகூட்டலில் திருத்துநர் போட்ட மார்க்குகளைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சரியான விடைக்குக் குறைவாகப் போட்டிருந்தால் அதைத் தொடமாட்டார்கள். அதற்கு மறுமதிப்பீடு வேண்டும். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியே ஆகவேண்டும். நகல் வாங்கியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அதாவது நகல் கேட்டால் இரண்டு கதவும் திறந்திருக்கும். தேர்வுத் துறை அறிவிப்பிலேயே இது தெளிவாக இருந்தது. போனில் வைத்திருந்த அந்த அறிவிப்பைக் காட்டிய பிறகுதான் அவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

பணம் வாங்கிக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார். ஒப்புகைச் சீட்டு எங்கே என்று கேட்டேன். "எங்ககிட்ட இருக்கும்மா, பத்திரமா வச்சிருப்போம்." தயவுசெய்து இதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தச் சீட்டில் இருக்கும் விண்ணப்ப எண் இல்லாமல் நகலைப் பதிவிறக்க முடியாது, பின்னால் முடிவும் பார்க்க முடியாது. பிரிண்டரில் தாள் இல்லை என்றார். எதிர்க்கடையில் தாள் வாங்கி வந்து கொடுத்து, அச்சடித்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.

நகல் வெளியான அன்று தேர்வுத் துறை இணையதளம் ஆமையாக நகர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பதிவிறங்கியது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலை அவர் வீட்டுத் திண்ணையில் விடைத்தாளை விரித்தோம். முதலில் அவர் மார்க்கைக் கூட்டினார். சரியாக 76. ஒரு அரை மார்க்கூட விடுபடவில்லை. மறுகூட்டல் போட்டிருந்தால் 'மாற்றம் இல்லை' என்று வந்திருக்கும், நாங்களும் அவள்தான் ஏதோ கோட்டைவிட்டாள் என்று முடிவுகட்டியிருப்போம். அப்புறம் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வந்தார். இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் குறைந்ததெல்லாம் நியாயமாகக் குறைந்ததுதான். ஓரிடத்தில் கழித்தல் குறியை விட்டிருந்தாள், தானே பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐந்து மார்க் பகுதியில் ஒரு கேள்வியில் அவர் விரல் நின்றது. பரவளையத்துக்கும் நேர்கோட்டுக்கும் இடையிலான பரப்பு காணும் கணக்கு. ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தது.

விடைக்குறிப்பில் எக்ஸைப் பொறுத்துத் தொகையிட்டிருந்தார்கள். இவள் ஒய்யைப் பொறுத்துத் தொகையிட்டிருந்தாள். எல்லைகள் வேறு, நடுவில் வரும் வரிகள் வேறு, கடைசி விடை ஒன்றே. சார் ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்துவிட்டு, "இதுதான்மா சுருக்கு வழி, நான்கூட இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்" என்றார். வேறு முறையில் செய்து விடை சரியாக இருந்தாலும் மார்க் உண்டு. திருத்தியவர் படத்துக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, குறிப்போடு வரிகள் ஒத்துப்போகவில்லை என்று தாண்டிப் போயிருக்கிறார்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்கேனில் பென்சில் கோடு சரியாகத் தெரிவதில்லை. படமே போடவில்லையோ என்று பதறாதீர்கள், திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மறுமதிப்பீட்டுக்குப் பாடத்துக்கு 505 ரூபாய். (இங்கே சொல்லும் தொகைகளும் நடைமுறையும் எங்கள் ஆண்டில் இருந்தவை, உங்கள் ஆண்டு அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கட்டத்துக்குப் பள்ளி கிடையாது. தளத்திலிருந்து படிவத்தை இறக்கி, நிரப்பி, இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு, மாவட்டத்தின் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பணத்தோடு கொடுக்கவேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் முதன்மைக் கல்வி அலுவலகம் என்று அடித்துச் சொன்னதால் வெயிலில் அங்கே போய் நின்று, "இங்க வாங்குறதில்லம்மா" என்று கேட்டுக்கொண்டு திரும்பினோம். இரண்டும் வேறு அலுவலகம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் நடுவே இரண்டு பஸ் மாறவேண்டும். சரியான இடத்துக்குப் போன பிறகு வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

வேதியியலுக்கும் நகல் வாங்கியிருந்தோம். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். மறுமதிப்பீட்டில் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்; அதனால் சார் வேண்டாம் என்றுவிட்டார். கணக்குக்கு மட்டும் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொறியியல் கட்-ஆஃபில் கணக்கு 100-க்கு அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் 50-ஆகச் சுருங்கும். கணக்கில் நான்கு கூடினால் 200-க்கு முழு நான்கு. வேதியியலில் அதே நான்குக்கு இரண்டுதான்.

முடிவு வரும் விதம்தான் நெஞ்சைப் பிசைகிறது. மாற்றம் உள்ளவர்களின் பதிவெண் மட்டும் பட்டியலில் இருக்கும். எண் இல்லையென்றால் மாற்றமில்லை என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். மகள் பார்க்க மறுத்துவிட்டாள், நான்தான் கீழே வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனேன். இருந்தது. புதிய மதிப்பெண் பட்டியலை இறக்கிக்கொண்டு, பொறியியல் கலந்தாய்வு உதவி மையத்துக்கும் போய் 90 என்று ஏறியிருக்கிறதா என்று திரையில் பார்த்துவிட்டு வந்தோம். அது தானாக மாறியிருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் பள்ளியிலிருந்து போன். அதே குரல். "பாப்பாவுக்கு மார்க் கூடிடுச்சாமே? புது ஷீட்ல ஒரு ஜெராக்ஸ் கொடுத்துட்டுப் போங்கம்மா, ஸ்கூல் ஆவரேஜ் மாத்தணும்." மாற்றுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்பதால், கொண்டுவருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.