தாண்டிக்குடிக் காபியைப் பால் சேர்க்காமல் குடித்தபோது

வீட்டில் காபிக் கொட்டை வறுப்பது இப்போது கைக்கு வந்துவிட்டது. அடி கனத்த இருப்புச்சட்டியில் 200 கிராம் பச்சைக் கொட்டையைப் போட்டு, மரக்கரண்டியால் விடாமல் கிளறுகிறேன். முதலில் வைக்கோல் வாசம், பிறகு ரொட்டி வாசம். பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் எழுந்து அடங்கியதும் இறக்கி, முறத்தில் கொட்டிப் புடைத்தால் மெல்லிய தோல் பறந்துவிடும். நிறுத்துப் பார்த்தால் 170 கிராமை ஒட்டி நிற்கும்.

மதுரைக் கடைகளின் கருவறுவலுக்கு இது பாதிகூட இல்லை. எண்ணெய் மினுங்கும் வரை வறுத்துச் சிக்கரியும் கலந்துவிட்டால், எந்த மலைக் கொட்டையானாலும் வறுவலின் கசப்புதான் முன்னால் நிற்கும். டிகிரி காபிக்கு அது பொருத்தம்தான். நானும் அதைக் குடித்து வளர்ந்தவன். ஆனால் மலையின் ருசி தெரிய வேண்டுமென்றால் வறுவலைக் குறைத்தே ஆக வேண்டும்.

கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி அரபிகா, சிக்மகளூர்ப் பக்கத்துப் பாபா புதன்கிரி அரபிகா, வயநாடு ரொபஸ்டா மூன்றையும் ஒரே அளவில் வறுத்து வரிசையாக வைத்தேன். அரபிகா, ரொபஸ்டா இரண்டும் காபிச் செடியின் வகைகள். ருசி பார்ப்பவர்களின் கணக்கு, 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் பொடி. நான்கு நிமிடம் கழித்து மேலே திரண்டு நிற்கும் பொடிப்படலத்தைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். தாண்டிக்குடிக் கோப்பையிலிருந்து கமலா ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசம் ஏறியது. குடித்தால் நாக்கின் ஓரங்களில் தெளிவான புளிப்பு. ஆற ஆறக் கருப்பட்டியின் இனிப்பு. பாபா புதன்கிரியில் புளிப்பு அடங்கி, சாக்லேட் சாயல் தெரிந்தது. வயநாடு ரொபஸ்டா கனமாக, மண்வாசத்தோடு இறங்கியது.

கீழ்ப்பழனி மலையில் காபிக்கு ஊடே ஆரஞ்சு மரங்களும் நிற்பதால் அந்த வாசம் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பக்கத்து மரத்தின் வாசத்தைச் செடி வேரால் இழுத்துக்கொள்வதில்லை. காபிப் பழத்திலேயே சிட்ரிக் அமிலம் இருக்கிறது. உயரமான இடத்துக் குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது. கொட்டை இறுகி, புளிப்பும் இனிப்பும் நிறைந்து நிற்கிறது. தாண்டிக்குடி சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் பறித்து உலர்த்திய பச்சைக் கொட்டை வேறு. மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினால் மிளகு வாசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மழையின் பங்கும் உண்டு. சிக்மகளூர்ப் பக்கம் பெருமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் கிழக்குச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகையில்தான் வலுக்கும். பழம் சிவக்கும் நேரமும் அதுதான். வத்தலக்குண்டு வழியாக மேலே போயிருந்தபோது தோட்டக்காரர் ஒருவர், “பூக்கிற நேரத்து மழையைக் கும்பிடுவோம் தம்பி, பறிக்கிற நேரத்து மழைதான் பயம்” என்றார். களத்தில் கொட்டை சரியாக உலராவிட்டால் பூஞ்சை வாடை ஏறிவிடும். அதற்குப் பிறகு மலை எவ்வளவு உயரமாக இருந்து என்ன?

தண்ணீரையும் மாற்றிப் பார்த்தேன். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த ஆரஞ்சுப் புளிப்பு அநேகமாகக் காணாமல் போனது. வைகைக் குடிநீரில் திரும்பி வந்தது. கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் என்ற உப்பு, காபியின் அமிலத்தை அடக்கிவிடுகிறது. விலை கொடுத்து நல்ல கொட்டை வாங்குகிறவர்கள் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.

என் மனத்தாங்கல் கடைகளின் பெயர்ப்பலகையோடு. ‘பிளான்டேஷன் ஏ’ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பருமனான கொட்டையைக் குறிக்கும். ‘பீபரி’ என்றால் பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை. இரண்டும் அளவையும் வடிவத்தையும் சொல்கின்றன, ஊரைச் சொல்வதில்லை. எந்த மலை என்று கேட்டால், “முதல் தரம் சார்” என்றுதான் பதில் வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து காபிகளில் கூர்க், சிக்மகளூர், பாபா புதன்கிரி, அரக்கு, வயநாடு இருக்கின்றன. நம் பழனி மலை இல்லை. இத்தனைக்கும் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலையின் பெயரை மதுரையில் பொட்டலத்தின் மேல் அச்சிட என்ன தடை?

இதே கொட்டையில் அம்மாவுக்குப் பால் காபி போட்டுக் கொடுத்தேன். புளிப்பு துருத்துகிறது என்றார், சரியான கணிப்பு. அடுத்த முறை வெடிப்பு அடங்கிய பிறகும் ஒரு நிமிடம் கூடுதலாக வைத்து இறக்கினேன். கருப்பட்டி இனிப்பு பாலிலும் நின்றது, புளிப்பு பின்வாங்கியது. பில்டருக்கு இனி அந்தப் பதம். பால் சேர்க்காமல் குடிக்கப் பழைய பதம்.