தோள்பட்டை எலும்பைக் கையில் வைத்துப் படித்த அனுபவம்

முதலாம் ஆண்டு உடற்கூறியல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எந்த எலும்பைக் கையில் தருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால், கை எலும்புகள் அனைத்தையும் படித்தாக வேண்டியிருந்தது. அவற்றுள் ஸ்காபுலா எனப்படும் தோள்பட்டை எலும்புதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. தட்டையான முக்கோண எலும்பு, 3 ஓரங்கள், 3 கோணங்கள், 2 பரப்புகள் என்ற கணக்கு எளிதில் மனத்தில் பதிந்துவிடும். ஆனால் ஸ்பைன், அக்ரோமியன், கொரக்காய்டு ஆகிய மூன்று நீட்சிகளும் எந்தெந்தத் திசையில் செல்கின்றன என்பதைப் பாடநூல் படம் சரியாகக் காட்டுவதில்லை.

ஆகவே படத்தை மூடிவைத்துவிட்டு எலும்பை எடுத்துக்கொண்டேன். வலமா இடமா என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. மேற்கை எலும்பின் தலை பொருந்தும் கிளெனாய்டு குழி வெளிப்புறம் நோக்கியும், ஸ்பைன் என்னும் முகடு பின்புறத்திலும், கொரக்காய்டு மேலிருந்து முன்னோக்கியும் அமையுமாறு பிடித்தால், அது எந்தப் பக்கத்து எலும்பு என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தபோது, குழிந்த நடுப்பகுதி ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகவும், அக்குள் பக்கத்து ஓரம் தடித்தும் இருப்பது புலப்பட்டது.

முகட்டை உட்புற ஓரத்திலிருந்து விரலால் தடவிச் சென்றால், தாழ்வாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, வெளிமுனையில் அகன்று முன்பக்கமாகத் திரும்பி அக்ரோமியனாகிறது. இதையே என் தோளிலும் தடவி உறுதிசெய்துகொண்டேன். உடம்பிலேயே இருக்கும் மாதிரியைப் பலர் ஏனோ பயன்படுத்துவதில்லை. முகட்டுக்கு மேலுள்ள சிறிய குழியில் தோன்றும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் தசைநாண், அக்ரோமியனுக்கு அடியிலுள்ள குறுகிய இடைவெளி வழியாக மேற்கை எலும்பைச் சென்றடைகிறது. அந்தத் தசைநாண் வீங்கினால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏன் வலிக்கிறது என்பது அப்போது தானாகவே விளங்கியது.

கொரக்காய்டுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. மடக்கிய விரல்போல் முன்னோக்கி வளைந்திருக்கும் இந்நீட்சியை, கழுத்தடியில் குறுக்காக இருக்கும் காரை எலும்பின் வெளிப்பகுதிக்குச் சற்றுக் கீழே ஆழமாக அழுத்தினால் உணரலாம். பெக்டோராலிஸ் மைனர் என்னும் மார்புத் தசை இங்கே வந்து பற்றுகிறது. மேற்கைத் தசைகளான பைசெப்ஸின் குறுந்தலையும் கொரக்கோபிரேக்கியாலிசும் இதன் முனையிலிருந்து கிளம்புகின்றன. காரை எலும்போடு இதைப் பிணைக்கும் வலுவான தசைநார்களும் இங்கேதான் உள்ளன. தோள்பட்டை எலும்புக்கு விலா எலும்புகளோடு உண்மையான மூட்டு எதுவும் கிடையாது. உடற்பகுதியுடன் அதற்குள்ள எலும்புவழித் தொடர்பு காரை எலும்பு ஒன்றே. இதை நினைவில் கொண்டால் இந்தத் தசைநார்களின் தேவை மறக்காது. கொரக்காய்டின் அடியை ஒட்டி மேல் ஓரத்திலுள்ள பள்ளத்தில், குறுக்குத் தசைநாருக்கு மேலே தமனியும் கீழே நரம்பும் செல்வது வழக்கம் என்பதையும் படித்துவைத்தேன்.

வைவாவில் எனக்குக் கிடைத்தது இடப்பக்க எலும்பு. பக்கத்தைச் சொன்னதும், நீட்சிகளைத் தொட்டுக் காட்டி ஒவ்வொன்றிலும் பற்றும் தசைகளைக் கூறச் சொன்னார்கள். பிறகு, சுவரில் கையை ஊன்றித் தள்ளும்போது இந்த எலும்பின் உள் ஓரம் புடைத்து நின்றால் காரணம் என்ன என்று கேட்டார்கள். அந்த ஓரத்தின் விலாப்பக்கப் பரப்பில் பற்றும் செரேட்டஸ் ஆன்டீரியர் தசையையும், அதை இயக்கும் நீண்ட மார்பு நரம்பு பழுதாவதையும் சொன்னேன். கடைசியாகக் கீழ்க்கோணம் எந்த விலா எலும்பின் மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். 7-ஆவது என்றதும் மேற்கை எலும்பை எடுத்து என் கையில் கொடுத்தார்கள்.