குமணவில் கூடாரம் அடிக்க வைகாசியா, மாசியா?

இலங்கையின் தென்கிழக்கிலுள்ள குமண தேசிய பூங்காவுக்குப் புறப்படும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது பள்ளிக்கூட விடுமுறையை. பார்க்க வேண்டியதோ ஆற்றையும் காற்றையும்.

பறவைகளுக்காகப் போவதென்றால் வைகாசிதான். சுமார் 200 ஹெக்டேர் குமண வில்லு என்ற சதுப்பு ஏரிக்குக் கும்புக்கன் ஓயா ஆற்றிலிருந்து ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. மே, ஜூனில் அங்குள்ள கண்டல் மரங்களில் நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் கூடு கட்டும். வெசாக், பொசன் நீண்ட விடுமுறைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆனி பிறந்தால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று உரமாக வீசும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, ஈரமே இருக்காது. ஆற்றோர மணலில் சிறிய கூடார ஆணிகள் பிடிக்காமல் பிடுங்கிக்கொள்ளும். மண் நிரப்பிய உரப்பைகளில் கயிற்றைக் கட்டிப் புதைப்பதே உறுதி. மருத மரத்தின் காய்ந்த கொப்புக்குக் கீழே படுக்க வேண்டாம். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன் உகந்தையிலிருந்து காட்டுப்பாதை திறந்திருக்கும் நாட்களைப் பாதயாத்திரைக்காரருக்கு விட்டுக்கொடுப்பதே முறை.

ஆவணி, புரட்டாதியில் மிருகம் பார்ப்பது சுலபம், மிஞ்சியிருக்கும் தண்ணீரைத் தேடி எல்லாம் வரும். ஆனால் யானை இறங்கும் கரையும் நீங்கள் தங்கும் கரையும் ஒன்றாகிவிடும். லத்தியும் மிதிபட்ட தடமும் இருந்தால் அந்த இடம் வேண்டாம். பழம், உப்பு, அரிசியைக் கூடாரத்துக்குள் வைக்காமல் ஜீப்பில் பூட்டி வையுங்கள். யானைக்கு மணம் பிடித்தால் கூடாரத் துணி ஒரு தடையே அல்ல.

ஐப்பசி முதல் தை வரை போகவே வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே, ஊவா மலைப்பக்கம் பெய்த மழையால் ஆறு இரவோடிரவாக ஏறும். பாதைச் சேற்றில் ஜீப்பும் புதையும்.

மாசி, பங்குனி அமைதியை விரும்புவோருக்கு. புல் பச்சை, வெயில் தாங்கலாம், வலசை வந்த பறவைகளில் பல இன்னும் திரும்பியிருக்காது. எங்கும் தண்ணீர் கிடப்பதால் யானைகள் சிதறி நிற்கும். புல்லில் உண்ணி இருக்கும், காற்சட்டை நுனியைச் சப்பாத்து மேசுக்குள் செருகுங்கள்.

எந்தக் காலமானாலும் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில்தான் தங்கலாம், முன்பதிவு கட்டாயம். பாணமை ஊரைத் தாண்டினால் கடையை நம்ப முடியாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 20 லீற்றர் கான் மூன்று. கச்சான் காலத்தில் இன்னொன்று. ஆற்றில் இறங்கிக் குளிக்க நினைக்காதீர்கள், முதலை உண்டு.