பொம்மைக்காரரும் எழுபது கடிதங்களும்

என் மேசையில் ஒரு கரடிப் பொம்மை உட்கார்ந்திருக்கிறது. பீனி பேபி என்ற வகைப் பொம்மை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. காதில் தொங்கும் சீட்டைப் பிய்க்காமல் வைத்திருந்தால் பிற்பாடு நல்ல விலை போகும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். நானும்தான். விலை ஒன்றும் போகவில்லை. சிகாகோ பக்கம் வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கும் எனக்கு, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல இப்போது அது உதவுகிறது.

இந்தப் பொம்மைகளை விற்றே பெரும் பணக்காரரான டை வார்னர், 1996-ல் சுவிட்சர்லாந்தில் யுபிஎஸ் வங்கியில் ரகசியமாகக் கணக்கு தொடங்கினார். 2002-ல் சூரிச்சில் உள்ள வேறொரு வங்கிக்கு அதை மாற்றிக்கொண்டார். ஒரு கட்டத்தில் அதில் 10 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அந்தப் பணம் ஈட்டிய வருமானத்தை அமெரிக்க வரித்துறையிடம் காட்டவே இல்லை. கட்டாமல் விட்ட வரி சுமார் 56 லட்சம் டாலர். 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை வழிகாட்டி விதிகளின்படி 46 முதல் 57 மாதம் உள்ளே இருந்திருக்க வேண்டும். 2014 ஜனவரியில் நீதிபதி கொடுத்தது சிறைக்கு வெளியே இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 500 மணி நேர சமூக சேவையும்.

பணமாகக் கட்டினார், அதை மறுக்கவில்லை. வெளிநாட்டுக் கணக்கை வேண்டுமென்றே மறைத்தால் இருப்பில் பாதிவரை அபராதம் போடலாம். அந்த வகையில் 5.3 கோடி டாலருக்கு மேல் போனது. ஆனால் அப்போது அவருடைய சொத்து மதிப்பு 170 கோடி டாலர்.

சிறை ஏன் இல்லை? நீதிபதி முன்னால் எழுபது கடிதங்கள் இருந்தன. வார்னர் சத்தமில்லாமல் யார் யாருக்கு உதவினார் என்று சொல்லும் கடிதங்கள். வழி தெரியாமல் காரை நிறுத்திய இடத்தில் சந்தித்த ஒரு சிறுநீரக நோயாளிக்குச் சிகிச்சைக்குப் பணம் கொடுத்த கதை அதில் ஒன்று. நீதிபதி நெகிழ்ந்துவிட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை அப்படியே விட்டுவிட்டது. வழிகாட்டி விதிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டதே.

முதலில் எனக்கு வெறும் கோபம்தான் வந்தது. அப்புறம் தீர்ப்பைப் படித்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. 2009-ல் வார்னர் தானாகவே உண்மையைச் சொல்லிப் பொதுமன்னிப்புத் திட்டத்தில் சேரப் பார்த்திருக்கிறார். அதற்குள் அவர் பெயர் வரித்துறையின் கைக்குப் போய்விட்டதால் சேர்த்துக்கொள்ளவில்லை. கதவு சாத்திய பிறகு வந்து தட்டியவர். அதற்குக் கொஞ்சம் சலுகை தரலாம், சரி. அதற்காக ஒரு நாள்கூட உள்ளே போக வேண்டாமா?

இதே யுபிஎஸ் வங்கியில் வேலை பார்த்த பிராட்லி பிர்க்கன்ஃபெல்டை நினைத்தால் இன்னும் விசித்திரம். ஒரு வாடிக்கையாளருக்காகப் பற்பசைக் குழாய்க்குள் வைரத்தை வைத்துக் கடத்திய ஆள். அமெரிக்க அரசிடம் போய் வங்கியின் வண்டவாளத்தை முதலில் சொன்னவரும் இவர்தான். அவருடைய பெரிய வாடிக்கையாளர், கலிபோர்னியாவில் கட்டடத் தொழில் செய்யும் கோடீஸ்வரர் இகோர் ஒலெனிகாஃப், 5.2 கோடி டாலர் கட்டிவிட்டு இரண்டு வருடக் கண்காணிப்போடு தப்பினார். அந்த வாடிக்கையாளரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று அரசுத் தரப்பு சொன்ன பிர்க்கன்ஃபெல்டுக்கோ 40 மாதச் சிறை! வெளியே வந்ததும் 2012-ல் வரித்துறையே அவருக்கு 10.4 கோடி டாலர் சன்மானம் கொடுத்தது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஜெர்மனியில் இப்படி நடந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே ஏய்த்த வரி பத்து லட்சம் யூரோவைத் தாண்டினால் தண்டனையை நிறுத்திவைப்பது அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத்தின் அப்போதைய தலைவரும் தொத்திறைச்சித் தொழிற்சாலை முதலாளியுமான உலி ஹோனஸ், சுவிஸ் கணக்கைத் தானே போய்ச் சொன்னார். அரைகுறையாகச் சொன்னதால் அது செல்லுபடியாகவில்லை. ஏய்த்த வரி 35 லட்சம் யூரோ என்று தொடங்கிய வழக்கு, விசாரணையில் 2.85 கோடியாக வீங்கியது. 2014-ல் மூன்றரை வருடம் தீர்ப்பானது. மேல்முறையீடுகூடச் செய்யாமல் உள்ளே போனார். பாதிக் காலத்தில் வெளியே வந்து 2016-ல் மறுபடியும் தலைவர் ஆனார் என்பது வேறு கதை.

போன மார்ச்சில், இரண்டு சலவைக் கடை நடத்தும் ஒரு தம்பி வந்தார். வெளிநாட்டில் ஒரு கணக்கு, நான்கு வருடமாகச் சொல்லவில்லை. வருமான வரிப் படிவத்தோடு சேரும் ஷெட்யூல் பி என்ற தாளின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. வெளிநாட்டில் கணக்கு இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. இத்தனை வழக்குகளும் வந்து நிற்பது அந்தச் சின்னக் கட்டத்தில்தான். எல்லாக் கணக்கும் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனியாக இன்னொரு அறிக்கையும் போட வேண்டும். வரி இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

"அக்கா, இவ்வளவு சின்னத் தொகைக்கா பிடிப்பாங்க? அப்படியே பிடிச்சாலும் இந்தப் பொம்மைக்காரர் மாதிரி விட்ருவாங்கதானே?"

"உங்களுக்காக நீதிபதிக்குக் கடிதம் எழுத எழுபது பேர் இருக்காங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் நிஜமாகவே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில் நின்றது. அதில் இரண்டு பேர் அவருடைய மச்சான்கள். பேனாவை எடுத்து நான்கு வருடக் கணக்கையும் எழுத உட்கார்ந்தோம்.