இன்டர்பிரட்டரை யாரும் பார்ப்பதில்லை

'லாஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' படத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. பாப் ஹாரிஸ் என்கிற மார்க்கெட் போன ஹாலிவுட் நடிகர், சன்டோரி விஸ்கி விளம்பரத்துக்காக டோக்கியோ வந்திருப்பார். பில் முர்ரே நடித்தது. விளம்பர இயக்குநர் ஜப்பானிய மொழியில் மூச்சுவிடாமல் பேசுவார். பக்கத்தில் நிற்கும் இன்டர்பிரட்டர் அம்மா, "கேமராவைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். "அவ்வளவுதானா சொன்னார்?" என்று பாப் முழிப்பார்.

எனக்கு அந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வராது. அந்த அம்மாவின் வேலையைத்தான் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில், ஒரு ஃபேக்டரியில் ஆறு வருடம் பார்த்தேன்.

இயக்குநர் பேசுவதற்குப் படத்தில் சப்டைட்டில் கிடையாது. பாப்புக்குப் புரியாதது நமக்கும் புரியக்கூடாது என்று படத்தை எடுத்த சோபியா கொப்போலா வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ஜப்பானியம் தெரிந்தவர்களுக்கு அது காதில் விழுந்து தொலைக்கும். மேசையில் விஸ்கி பாட்டில் இருக்கிறது, மெதுவாக, கனிவாக, பழைய நண்பரைச் சந்திப்பதுபோலப் பாருங்கள், 'காஸாப்ளாங்கா' படத்து ஹம்ப்ரி போகார்ட் மாதிரி என்றெல்லாம் பாவம் அந்த மனுஷன் உருகிக் கேட்கிறார். (சோபியாவின் அப்பா, 'காட்ஃபாதர்' எடுத்த பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவே 1980 வாக்கில் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவோடு சேர்ந்து சன்டோரி விளம்பரத்தில் வந்தவர். வீட்டுக்கதைதான் போலிருக்கிறது.)

அந்த அம்மா சோம்பேறி இல்லை. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். 'இல்லை' என்பதும் கடைசியில்தான். அதை இங்கிலீஷில் சொல்ல முழு வாக்கியமும் முடியக் காத்திருந்து, தலைகீழாகப் புரட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். தமிழர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நம் வினைச்சொல்லும் கடைசியில், நம் வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால். ஃபேக்டரி லைனில் நிற்கும் நம் பையன் சொல்வதை அதே வரிசையில் ஜப்பானியத்தில் அடுக்கிக்கொண்டே போகலாம். சுசுமு ஓனோ என்கிற மொழியியலாளர் இரண்டும் சொந்தக்கார மொழிகள் என்றே எழுதினார். பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கென்ன, சோறு போட்டது.

2012-ல் ஒரு ஜப்பானிய எஞ்சினியர் நான்கு மாதத்துக்கு எங்கள் ஃபேக்டரிக்கு வந்தார். வயது ஐம்பத்தேழு. எனக்கு இருபத்துநான்கு. கோவில்பட்டியிலிருந்து வந்து கோடம்பாக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். காலை ஆறரைக்கு வண்டி வரும். நாள் முழுக்க அவருடைய 'நான்' என் வாயில், சூப்பர்வைசருடைய 'நான்' என் வாயில். "நான் இதை ஏற்க மாட்டேன்" என்று நான் கத்துவேன், "நான் என்ன சார் பண்றது" என்று நானே பதிலும் சொல்வேன். திட்டுகிறவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். சாயங்காலம் வண்டியில் ஏறினால் பேச வாய் வராது. அவரும் பேச மாட்டார். தாம்பரம் நெரிசலில் வண்டி ஊரும், இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடல் பார்க்க வேண்டும் என்றார். மெரினா கூட்டம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெசன்ட் நகர் கூட்டிப்போனேன். சுண்டல் வாங்கினோம். மிளகாய்ப்பொடி போடாமல் தரச் சொல்லியும் சுண்டல்காரர் கேட்கவில்லை. எஞ்சினியர் கண்ணில் தண்ணீர் வரத் தின்று முடித்து, இன்னொரு பொட்டலம் கேட்டார்.

அப்புறம் மணலில் நிற்கிற அந்த வெள்ளை மண்டபம் என்ன என்றார். கார்ல் ஷ்மிட் நினைவிடம். 1930-ல் இங்கே நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி என்று சொன்னேன். "அவருக்கு இங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சொல்லும்போதே உறைத்தது. அந்த 'எனக்கு' என்னுடையது. மூன்று மாதத்தில் அவரிடம் நானாகப் பேசிய முதல் வாக்கியம்.

அதற்கு மேல் தட்டுத்தடுமாறினேன். என்னிடம் இருந்த ஜப்பானியமெல்லாம் பிசிறு, விரிசல், துரு, ரிஜெக்ஷன். அவர் "ஸபிஷீ" என்றபோது, என் மண்டையில் முதலில் ஓடியது "ஸபி". துரு. அரை நொடி கழித்துத்தான் தனிமை என்பது உறைத்தது. "எனக்கும்தான்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார்.

படத்தில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ஜப்பானியர்கள் 'ர'வையும் 'ல'வையும் குழப்புவதை வைத்துச் செய்யும் காமெடி மட்டமானது. நம் ஆட்கள் 'ழ' சொல்லாததற்குச் சிரிக்கலாமா? ஆனால் பாப்பும், அதே ஹோட்டலில் தங்கியிருக்கும், இருபதுகளில் உள்ள சார்லட் என்கிற பெண்ணும் தூக்கம் வராமல் ஒரே கட்டிலில் படுத்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, பேசியபடியே தூங்கிப்போகும் காட்சி இருக்கிறதே, அதை எடுக்கத் தைரியம் வேண்டும். நம் சினிமா என்றால் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும். திரைக்கதைக்கு ஆஸ்கர் கொடுத்தது அந்தக் காட்சிக்குத்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் கூட்டத்துக்கு நடுவே பாப் சார்லட் காதில் ஏதோ சொல்வார். நமக்குக் கேட்காது. ஆடியோவைக் கூட்டிக் குறைத்து அதைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டமே மெனக்கெட்டிருக்கிறது. நான் வால்யூமைத் தொடுவதில்லை. என் வேலை அது இல்லை.

எங்கள் எஞ்சினியர் கிளம்பிய ராத்திரி மீனம்பாக்கத்தில் டிரைவர் அண்ணன் பெட்டிகளை இறக்கினார். நான் வாய்தவறி "இத்தெரஷ்ஷாய்" என்றேன். அப்படியே நம் 'போயிட்டு வாங்க'தான். ஆனால் வீட்டை விட்டு வெளியே கிளம்புகிறவருக்கு வீட்டில் இருப்பவர்கள் சொல்வது. வேலை முடிந்து சொந்த ஊருக்குத் திரும்புகிற விருந்தாளிக்குச் சொன்னால் தப்பு. பரீட்சையில் மார்க் போயிருக்கும். அவர் ஒரு நிமிஷம் நின்றார். திருத்துவார் என்று பார்த்தால், குனிந்து "இத்தெகிமாஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்னம்மா சொல்லிட்டுப் போறார்?" என்றார் டிரைவர் அண்ணன்.

"போயிட்டு வரேன்னு சொன்னார்."

"எப்போ வராராம்?" என்றார் அவர், வண்டியைத் திருப்பிக்கொண்டே.